காட்டா மேல யாரும் நிக்கக் கூடாது

ஆபரேசனுக்குப் போற மனுசனுக்கு மாப்பிள்ளை விருந்து வெச்ச ஊரு எங்க ஊரு ஒண்ணாத்தான் இருக்கும். கேட்டா சிரிப்பீங்க. சிரிச்சுக்குங்க. அந்த விருந்துல நானும் குந்தித் துன்னவன்தான், எனக்கு இன்னா வெக்கம்.

சித்தூர்லருந்து புத்தூர் போற ரோட்டுல, மாம்பழக் கூழு ஃபேக்டரிங்க ஆரம்பிக்கிற எடத்துல, லாரி எடை போடற காட்டா ஒண்ணு இருக்குது. போர்டுல வே பிரிட்ஜுன்னு எழுதியிருக்கும், யாரும் அப்படிச் சொல்றதில்ல. காட்டா, காட்டாக்காரரு, அவ்ளோதான். அந்தக் காட்டாக்காரருதான் எங்க சிட்டிபாபு அண்ணன். காட்டாவுக்குப் பின்னாலதான் அவரு வூடு. அதுக்கு ரெண்டு வூடு தள்ளி என் வூடு. எம்பேரு ரமணா, வாடகைக் காரு ஓட்டறேன்.

அண்ணனுக்கு ஒரே சட்டம். காட்டா மேல வண்டி ஏறிச்சுன்னா வண்டியும் சரக்கும் மட்டுந்தான் நிக்கணும். டிரைவரு, கிளீனரு, பழத்து மேல குந்திக்கினு வந்த ஆளு, எல்லாரும் கீழ வந்துடணும். ரூமு ஜன்னல்லருந்து தலைய நீட்டி, "காட்டா மேல யாரும் நிக்கக் கூடாது! எறங்கு, எறங்கு!"ன்னு கத்துனாருன்னா ஃபேக்டரி கேட்டு வரைக்கும் கேக்கும். ஒரு தபா அவரு மாமனாரே ட்ராக்டர் மேல குந்திக்கினு வந்தாரு. அவரையும் எறக்கி உட்டாரு. பெரியவரு அந்த சீசன் முடியற வரைக்கும் மருமவன்கிட்ட பேசல.

ஊரு சரக்கையெல்லாம் எடை போடறவருக்கு அவரு எடை இன்னான்னு தெரியாது. கடைங்கள்ல இருக்கற மெஷினு மேல ஏறுனா முள்ளு ஒரு சுத்து சுத்தி முட்டிக்கினு நின்னுடும். அதனால காட்டாவுலயே போட்டுக்குவாரு. ட்ராக்டர் மேல குந்தி ஒரு தபா, எறங்கி ஒரு தபா, ரெண்டையும் கழிச்சா ஆச்சு. ஆனா லாரிக் காட்டா இருபது இருபது கிலோவாத்தான் காட்டும். நூத்தி இருபதுன்னு வரும். மறு வருசமும் நூத்தி இருபதுதான் வரும். "பாத்தியா, ஏறவே இல்ல"ம்பாரு. சட்டை மட்டும் வருசத்துக்கு ஒரு தபா பெருசாவும்.

எடை பெரிய பிரச்சனையில்லீங்க, தூக்கம்தான் பிரச்சனை. பேசிக்கினே இருப்பாரு, தல தொங்கிடும். கொரட்டை கெளம்பும். அது ஓடிக்கினே இருந்து திடீர்னு நின்னு போவும். மூச்சே இருக்காது. தாட்சாயணி அண்ணி ஓடியாந்து அவரு காது மடலப் புடிச்சு ஒரு கிள்ளு கிள்ளும். 'ஹக்'குன்னு ஒரு மூச்ச இஸ்துக்கினு கண்ணு முழிச்சு, "எத்தன டன்னு?"ன்னு கேப்பாரு.

அண்ணியும் லேசுப்பட்டதில்ல. எங்க குந்தினாலும் கொட்டாவி. எங்க வூட்டுக் கல்யாணத்துல தாலி கட்டற நேரத்துல தூணுல சாஞ்சு தூங்கிடுச்சு. ரசத்துல ரெண்டு தபா உப்பு போடும். "நல்ல ஜோடிடா, ஒருத்தருக்கு ஒருத்தரு தாலாட்டு பாடிக்குவாங்க போல"ன்னு நாங்க கேலி பண்ணுவோம். அதுவும் கூடச் சேந்து சிரிச்சுக்கும்.

இந்த சீசன்ல ஒரு நாளு, காட்டா மேல லோடு நிக்குது, பின்னால கண்ணுக்கு எட்டுன வரைக்கும் பழ வண்டிங்க, அண்ணன் ஸ்டூல்லருந்து தூக்கத்துலயே கீழ சாஞ்சாரு. நாலு பேரு சேந்துதான் தூக்கினோம். அன்னிக்கு அண்ணி அழுதுச்சு பாருங்க, நான் அது அழுது பாத்ததில்ல. "இந்த மனுசன் ஒரு நாளு மூச்சு விட மறந்து அப்படியே பூடுவாரு ரமணா"ன்னு சொல்லிச் சொல்லி அழுதுச்சு.

பெங்களூர்ல வேலை பாக்கற அவங்க பொண்ணு யாமினி போன்லயே திருப்பதியில ஒரு ஆஸ்பத்திரிய புடிச்சுது. எடை கொறைக்கிற ஆபரேசன் பண்ற டாக்டரு இருக்காராம், இந்த தேதிக்கு வரச் சொல்லியிருக்காங்கன்னு சொல்லுச்சு. "முதல்ல பாத்துப் பேசத்தான் நைனா"ன்னும் சொல்லுச்சு. அது யாரு காதுல ஏறுச்சு? எங்க ஊருக்குத் தெரிஞ்ச ஆபரேசன் கண்ணு ஆபரேசன் ஒண்ணுதான். காலையில பஸ்ஸு வரும், ஏத்திக்கினு போவும், மறுநாளு பச்சைத் துணியக் கண்ணுல கட்டி எறக்கி உட்டுட்டுப் போவும். டாக்டரு கூப்ட்டாருன்னா அறுத்துடுவாரு, அதான் கணக்கு.

சேதி தெரிஞ்சு மறுநாளே கார்வேட்டிநகரத்துலருந்து பஸ் ஏறி வந்து எறங்குச்சு அண்ணனோட அக்கா கிருஷ்ணம்மா. கையில உயிரோட ஒரு சேவல்.

"ஆபரேசன் ஆயிட்டா கைப்பிடிக்கு மேல துன்ன முடியாதாமே? எங்க பக்கம் ஒருத்தருக்குப் பண்ணாங்க, அரை இட்லிக்கு மேல எறங்கலியாம். என் தம்பி ஆச தீர துன்னுட்டுப் போவட்டும்" அப்படின்னுது.

அதான் பிள்ளையார் சுழி. மொத நாளு கேழ்வரகு களியும் நாட்டுக்கோழிக் கொழம்பும். மறுநாளு எதிர் வூட்டு சுந்தரி, "எங்க வூட்டுல துன்னாம பூடுவியாண்ணா?"ன்னு தலக்கறி கொண்டாந்துச்சு. அப்பால தெருவே கெளம்பிடுச்சு. புதுசா கல்யாணம் ஆன மாப்பிள்ளைய வூடு வூடா கூப்புடுவாங்க இல்ல, அந்த மாதிரி மத்தியானம் ஒரு வூடு, சாயந்தரம் ஒரு வூடு. போளி மாதிரி பருப்பு ஒப்பட்டு, ஆட்டுக்கால் பாயா, பலாச்சுளைய தேன்ல போட்டு. ஒத்தையா குந்தித் துன்னக் கூடாதுன்னு எல்லா எலைக்கும் பக்கத்துல எனக்கும் ஒரு எலை. அண்ணி மட்டும், "போதும்க்கா, போதும்க்கா"ன்னு சொல்லிக்கினே இருந்துச்சு.

"நீ சும்மா கெட. இனிமே உனக்கு சமையல் வேலையே மிச்சம்"ன்னு கிருஷ்ணம்மாக்கா அடக்கி உட்டுடுச்சு.

போற நாளு வந்துச்சு. என் வண்டியில பாயி, தலகாணி, ஃபிளாஸ்க்கு, சீல் பிரிக்காத அஞ்சு கிலோ அரிசிப் பை, ஸ்டவ்வு, எல்லாத்தையும் ஏத்தினாங்க. ஆஸ்பத்திரியில தங்கறதுக்காம். அதுக்கு மேல கிருஷ்ணம்மாக்கா மடியில நாலடுக்கு கேரியரு. "உள்ள இட்டுக்கினு போறதுக்கு முன்ன கடைசியா ஒரு வாயி"ன்னுது. ஆபரேசனுக்கு வெறும் வயித்தோட போவணும்னு எனக்கே தெரியும். சொன்னா யாரு கேக்கறாங்க. காட்டாவ அண்ணியோட தம்பி வெங்கட்டுகிட்ட உட்டுட்டுக் கெளம்பினோம். கெளம்பற வரைக்கும் அண்ணன் அவனுக்குப் பாடம் எடுத்துக்கினே இருந்தாரு. "யாரா இருந்தாலும் எறக்கி உடு. மினிஸ்டரே வந்தாலும் எறக்கி உடு."

காணிப்பாக்கம் கிட்ட வந்ததும் அண்ணி, "ரமணா, வண்டிய உள்ள உடு"ன்னுச்சு. எங்க பக்கம் காணிப்பாக்கத்துப் பிள்ளையாருன்னா சத்தியத்துக்குப் பேரு போனவரு. பங்காளிச் சண்டை, வரப்புச் சண்டை, எதுவானாலும் கொளத்துல முழுவிட்டு அவரு எதுருல நின்னு பொய் சொல்ல எவனுக்கும் தைரியம் வராது.

கொளத்துப் படியில அண்ணி கறாரா சொல்லுச்சு. "கால நனைச்சுக்கினு வா. டாக்டரு கேக்கறதுக்கு நெஜத்தத் தவிர வேற பேசமாட்டேன்னு சாமி எதுருல சொல்லு. உன்ன எனக்குத் தெரியும். போன தபா சித்தூரு டாக்டரு கேட்டதுக்கு ரெண்டு இட்லி துன்றேன்னு சொன்ன."

"சின்ன இட்லிமே அது."

"யோவ்!"

அண்ணனுக்கு காட்டாக்காரரு புத்தி வேலை செஞ்சுது. "நான் ஒண்டி எதுக்கு சொல்லணும்? காட்டான்னா எல்லாருக்கும் ஒரே காட்டா. ஆஸ்பத்திரிக்கு வர்ற நாலு பேரும் சொல்லணும். நீயும் சொல்லு, அக்காவும் சொல்லட்டும், ரமணாவும் சொல்லட்டும்."

"நான் இன்னாண்ணா பண்ணேன்?"

"எலை எலையா துன்னியே, வா."

நாலு பேரும் கால நனைச்சுக்கினு போயி சொன்னோம். அண்ணி மொகம் மட்டும் ஒரு மாதிரி ஆனத நான் பாத்தேன். தூக்கக் கலக்கம்னு உட்டுட்டேன். அங்கருந்து திருப்பதி வரைக்கும் அண்ணன் வாயத் தொறந்துக்கினு தூங்குனாரு. அண்ணி காத கிள்ளிக்கினே வந்துச்சு.

திருப்பதி பைபாஸ் பக்கம் ஆஸ்பத்திரி. உள்ள போனதும் நான் மெரண்டு போயிட்டேன். நாற்காலியெல்லாம் அகலம் அகலமா, கைப்பிடி இல்லாம இருந்துச்சு. அண்ணன் ஒண்ணுல குந்திப் பாத்துட்டு, "ஏ ரமணா, இடிக்கலடா!"ன்னு கொழந்தை மாதிரி சந்தோசப்பட்டாரு. எங்க போனாலும் நின்னுக்கினே இருக்கறவரு அவரு. நாற்காலி ஒடைஞ்சிடும்னு பயம். அது எனக்கு அன்னிக்குத்தான் ஒறைச்சுது.

சந்தியான்னு ஒரு நர்சம்மா வந்து, செருப்ப கழட்டிட்டு எடை பாக்கற மேடை மேல ஏறச் சொல்லுச்சு. அண்ணன் ஏறினாரு. நூத்தி முப்பத்தெட்டு கிலோ அறநூறு கிராம்னு செவப்புல மின்னுச்சு.

அண்ணன் மெஷினயே பாத்தாரு. கீழ எறங்கினாரு. குனிய முடியாம என்னக் குனியச் சொன்னாரு. "முத்திரை எங்க இருக்குது பாரு."

"ஏமண்டி?"ன்னு நர்சம்மா தெலுங்குல கேட்டுச்சு, இன்னாங்கன்னு.

"முத்திரை அம்மா முத்திரை. வருசா வருசம் ஆபீசரு வந்து சோதனை பண்ணி அடிச்சுட்டுப் போவாரு இல்ல? அது இல்லாத காட்டாவுல எடை போட்டா கேசு."

"சார், இது ஆஸ்பத்திரி."

"எதுவானாலும் காட்டா காட்டாதான். ரமணா, அந்த அரிசிப் பைய கொண்டா."

கொண்டாந்து வெச்சேன். சரியா அஞ்சு காட்டுச்சு. அண்ணன் பைய திருப்பிப் போட்டாரு, ஓரத்துல வெச்சாரு, நடுவுல வெச்சாரு. அஞ்சு, அஞ்சு, அஞ்சு. "ரமணா, நீ ஏறு"ன்னாரு. ஏறினேன். விருந்துக்கு முன்ன எண்பது இருந்தவன் எண்பத்தி நாலு. வெளிய வரிசையில குந்தியிருந்தவங்கல்லாம் எட்டி எட்டிப் பாத்து சிரிக்கிறாங்க.

"காட்டா சரியாத்தான் கீது"ன்னு சின்னக் கொரல்ல சொன்னாரு அண்ணன். மறுபடி ஏறி நின்னாரு. அதே நூத்தி முப்பத்தெட்டு அறநூறு. அவரு மொகத்த பாக்க எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. எத்தினியோ பேருகிட்ட காட்டா பொய் சொல்லாதுன்னு சொன்னவரு அவரு.

அப்பால ஒசரம் அளந்தாங்க, இடுப்பு அளந்தாங்க, கழுத்தக் கூட அளந்தாங்க. "சட்டை தைக்கறதுக்கா?"ன்னு கேட்டுச்சு கிருஷ்ணம்மாக்கா. கழுத்து பெருசா இருந்தா தூக்கத்துல மூச்சுக்கு எடஞ்சலாம், அதுக்காகன்னு நர்சம்மா சொல்லுச்சு. பிரசரு பாத்தாங்க, சர்க்கரை பாத்தாங்க. எங்க நாலு பேரையும் சாப்பாடு சொல்லிக் குடுக்கற மேடத்து ரூம்ல குந்த வெச்சாங்க. கூட இருக்கறவங்களும் கேக்கணுமாம், வூட்டுல சமைக்கறது அவங்கதானேன்னு.

மேடம் தெலுங்குல ஆரம்பிச்சு, எங்க பேச்சக் கேட்டுட்டு தமிழுக்கு மாறிக்கினுச்சு. "காலையில இன்னா சாப்புடுவீங்க?"

"இட்லி மேடம்."

"எத்தினி?"

அண்ணன் அண்ணியப் பாத்தாரு. அண்ணி நெத்தியில இருந்த காணிப்பாக்கத்துக் குங்குமத்தப் பாத்தாரு. "எட்டு."

"ஓ. எட்டு இட்லி."

"இட்லி எட்டு. அதுக்கு மேல தோசை."

"தோசை எத்தினி?"

"அது, கல்லுல மாவு இருக்கற வரைக்கும்."

மேடம் எழுதறத நிறுத்திட்டு நிமுந்து பாத்துச்சு. "அப்புறம் மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் இல்லையா?"

"டீ மேடம். டிரைவருங்க குடிக்கச் சொல்ல எனக்கும் ஒண்ணு சொல்லுவாங்க. வேணாம்னா கோச்சுக்குவாங்க."

"சர்க்கரை போட்டா?"

"அவங்க எப்படிக் குடிக்கறாங்களோ அப்படி."

"பழம் சாப்புடுவீங்களா?"

எனக்கு சிரிப்பு முட்டிக்கினு வந்துச்சு. அண்ணன் மொகத்துல வேர்வை. "சேம்பிள் பாப்பேன்."

"சேம்பிளா?"

"வண்டிக்கு ஒரு மாங்கா. நல்லா பழுத்தா ரெண்டு."

"நீங்க எடைதான போடறீங்க? எடை போடறதுக்கு பழத்த ஏன் துன்னு பாக்கணும்?"

இந்தக் கேள்விய இத்தன வருசத்துல எங்க ரோட்டுல ஒருத்தனும் கேட்டதில்ல. அண்ணனும் யோசிச்சுப் பாத்தாரு. "தெரியல மேடம். எனக்கு முன்ன இருந்தவரும் பாத்துக்கினு இருந்தாரு."

மேடத்தால அடக்க முடியல. வாய மூடிக்கினு ஜன்னல் பக்கம் திரும்பிக்கினுச்சு. அப்பால கேட்டுச்சு, சின்ன வயசுலருந்தே இப்படியான்னு. அதுக்கு கிருஷ்ணம்மாக்கா எழுந்து நின்னுடுச்சு, கோர்ட்டுல நிக்கற மாதிரி.

"நாந்தான் மேடம். எங்கம்மா சாவச் சொல்ல இவனுக்கு நாலு வயசு. 'அம்மா எங்க'ன்னு கேப்பான். பதிலு தெரியாது. ஒரு உருண்டை களிய வாயில வெப்பேன். அப்பால கேக்கமாட்டான். அந்தப் பழக்கம் எனக்கும் போவல, அவனுக்கும் போவல."

மேடம் தண்ணி பாட்டில அக்கா பக்கம் நகத்தி வெச்சுது. "தப்பு இல்லம்மா. குந்துங்க"ன்னு சொல்லுச்சு.

அப்பால டாக்டரு. பிரவீன்னு பேரு. வேலூருல படிச்சாராம், தமிழு நல்லா வரும். வவுத்துப் படத்த வரைஞ்சு காட்டினாரு. இரைப்பைய சின்னதாக்கிடுவோம், கொஞ்சம் துன்னாலே நெறைஞ்சுடும், ஆனா இது மந்திரம் இல்ல, அப்புறமும் துன்ற பழக்கத்த மாத்திக்கணும், வாழ்நாள் பூரா மாத்திரை, செக்கப்பு இருக்குது, ரிஸ்க்கும் இருக்குதுன்னு ஒவ்வொண்ணா நிதானமா சொன்னாரு. பீடி உண்டா, சாராயம் உண்டா, முன்ன இன்னா ஆபரேசன் ஆயிருக்குதுன்னு எல்லாம் கேட்டாரு. அண்ணன் சத்தியம் மாறாம பதிலு சொன்னாரு. கடைசியா, "சரி சார், எந்த ரூமு? சட்டைய கழட்டட்டா?"ன்னாரு.

"எதுக்கு?"

"ஆபரேசனுக்கு."

டாக்டரு எங்கள பாத்தாரு. கதவோரம் பாயி, தலகாணி, ஸ்டவ்வு. "இன்னிக்கு ஆபரேசன் இல்லீங்க. இன்னிக்கு நீங்க என்னப் பாக்கறீங்க, நான் உங்களப் பாக்கறேன். ரத்த டெஸ்ட்டு, ஸ்கேனு, வயித்துக்குள்ள கேமரா உட்டுப் பாக்கறது, இதய டாக்டரு, மனசுக்கு ஒரு டாக்டரு, எல்லாம் ஆவணும். அதுக்கு முன்ன நீங்க கொஞ்சம் எடை கொறைக்கணும்."

"எடை கொறைக்கத்தான சார் ஆபரேசனு?"

"கல்லீரல்ல கொழுப்பு ஏறி வீங்கியிருக்கும். அது இரைப்பைய மூடிக்கினு நிக்கும். சாப்பாட்ட கொறைச்சா அது சுருங்கும், எனக்கு வேலை செய்ய வழி கெடைக்கும். சமீபத்துல எடை ஏறுச்சா? இந்த வாரம் இன்னா சாப்ட்டீங்க?"

சத்தியம் பண்ணவங்கள்ல நானும் ஒருத்தன், அதனால நானே எல்லாத்தையும் சொன்னேன். களி, தலக்கறி, பாயா, ஒப்பட்டு, பலாச்சுளை. டாக்டரு பேனாவ வெச்சுட்டு ரெண்டு கையாலயும் தலயப் புடிச்சுக்கினாரு. சிரிக்கறாரா அழுவறாரான்னு தெரியல.

அண்ணனுக்கு ரோசம் வந்துடுச்சு. நாற்காலிய தள்ளிட்டு எழுந்துட்டாரு. "போதும் சார். சீசன உட்டுட்டு வந்திருக்கேன். ஒரு வெட்டு, முடிஞ்சுதுன்னு இருந்தேன். இது மாசக்கணக்குல இஸ்துக்கினு போற வேலையா இருக்குது. எனக்கு இன்னா சார் கொறை? நல்லா துன்றேன், நல்லா தூங்கறேன். எழுந்திரு தாட்சா, போலாம்."

இந்த மனுசன் இன்னிக்கு இந்தக் கதவத் தாண்டிப் போனா மறுபடி வரமாட்டாரு. இன்னொரு தபா ஸ்டூல்லருந்து சாய்வாரு, அன்னிக்கு கிள்ள ஆளு பக்கத்துல இருக்குமோ இருக்காதோ.

டாக்டரு கோச்சுக்கல. "நல்லா தூங்கறீங்களா?"

"பிள்ளையாரு மேல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். படுத்தேன்னா காலையிலதான் எழுந்திருப்பேன். நடுவுல ஒண்ணும் தெரியாது."

"சரி." அவரு அண்ணி பக்கம் திரும்பினாரு. "நீங்க எப்படிம்மா தூங்கறீங்க?"

"எனக்கு இன்னா சார், நானும் நல்லா..."

அதுக்கு மேல அண்ணிக்கு வரல. புருசன புடிக்கறதுக்கு போட்ட சத்தியம், இப்ப அண்ணியயே புடிச்சுக்கினுச்சு. மொந்தானைய எடுத்து மொகத்தத் தொடைச்சுக்கினுச்சு.

"நான் தூங்கறதில்ல சார்."

"இன்னாமே சொல்ற?"ன்னாரு அண்ணன்.

"இவரு படுத்ததும் கொரட்டை வரும். அந்தச் சத்தம் இருக்கற வரைக்கும் எனக்கு பயமில்ல. சத்தம் நின்னாதான் சார் பயம். காதக் கிள்ளணும். கிள்ளுனா மூச்சு வரும். நான் கண்ணு மூடிட்டா யாரு கிள்ளுவாங்க? அதான் செவுத்துல சாஞ்சு குந்திக்கினே இருப்பேன். பகல்ல எங்கியாவது குந்துன எடத்துல கண்ண மூடிக்குவேன். ஜனங்க சிரிக்கும். சிரிச்சா சிரிச்சுட்டுப் போவட்டும்."

நான் தரையப் பாத்தேன். தாலி கட்டற நேரத்துல அது தூங்குனதுக்கு முதல்ல சிரிச்சவன் நாந்தான்.

"எப்பலருந்து?"ன்னு அண்ணன் கேட்டாரு.

"யாமினி காலேஜுல சேந்த வருசத்துலருந்து."

யாமினி படிப்பு முடிச்சு, வேலையில சேந்து, மொதல்ல இருந்த கம்பெனிய உட்டு வேற கம்பெனிக்கும் மாறிடுச்சு. அண்ணன் கையத் தூக்கித் தன் காது மடலத் தொட்டுப் பாத்தாரு.

"காலையில எழுந்தா காது எரியுமே. கொசுன்னு நெனச்சேனே. பெட்டி பெட்டியா கொசுவத்தி வாங்கியாந்து ஏத்தி வெப்பேனே."

"அந்தப் பொகையில எனக்கு இருமலு வேற"ன்னுச்சு அண்ணி. சொல்லிட்டு அழுதுக்கினே சிரிச்சுது.

அண்ணன் மறுபடி குந்தினாரு. மெதுவா, அந்த அகல நாற்காலியில. "சார், இன்னா பண்ணணும் சொல்லுங்க. எல்லா டெஸ்ட்டும் எழுதுங்க. எத்தினி தபா வரணும்னாலும் வரேன்."

"முதல்ல தூக்கத்துக்கு ஒரு டெஸ்ட்டு. எல்லாத்துக்கும் முன்ன அதத்தான் பண்ணப் போறேன். அது வர்ற வரைக்கும் மல்லாந்து படுக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுங்க. நீங்க சொல்றதப் பாத்தா மூச்சு மிஷினு தேவப்படும்னு தோணுது. மூக்குல ஒரு மாஸ்க்கு மாதிரி. ஆபரேசன் வரைக்கும் காத்திருக்க வேணாம், உடனே போட்டுக்கலாம். மூச்ச அது பாத்துக்கும். அம்மா தூங்கலாம்."

"அது சத்தம் போடுமா சார்?"

"லேசா காத்து சத்தம் இருக்கும். உங்க கொரட்டைய விட ரொம்ப கம்மி."

"அப்ப சரி. இவ தூங்கணும் சார்"ன்னாரு அண்ணன்.

ரத்தம் குடுத்துட்டு, தேதியெல்லாம் வாங்கிக்கினு வெளிய வந்து பாதாம் மரத்து நெழல்ல வண்டிகிட்ட நின்னோம். கிருஷ்ணம்மாக்கா பழக்க தோசத்துல கேரியரத் தொறந்துடுச்சு. கோழிக் கொழம்பு வாசனை அடிச்சுது பாருங்க, எனக்கே நாக்குல தண்ணி. தொறந்துட்டு அக்காவுக்கே பக்குன்னுச்சு. மூடறதா, நீட்டறதான்னு தெரியாம நிக்குது.

அண்ணன் அடுக்க வாங்கினாரு. ஒரு உருண்டை களியப் புட்டு, கொழம்புல தோச்சாரு. அக்கா, "தம்பி, டாக்டரு..."ன்னு இஸ்துச்சு. அவரு அத அண்ணி வாய்கிட்ட கொண்டு போனாரு.

"துன்னு."

"இன்னாங்க இது, நடுத்தெருவுல."

"துன்னுமே."

அண்ணி வெக்கப்பட்டுக்கினே துன்னுச்சு. அப்பால கேரியர வாங்கி, மரத்தடியில சப்பளங்கால் போட்டுக் குந்தி, தலய நிமிராம துன்னுச்சு. அது அப்படித் துன்னு நான் பாத்ததில்ல. அண்ணன் மேடம் சொன்ன மாதிரி ரெண்டு வெள்ளரிக்காய வாங்கி மென்னுக்கினு பாத்துக்கினே இருந்தாரு.

வண்டி சந்திரகிரி தாண்டறதுக்குள்ள அண்ணி தூங்கிடுச்சு. அண்ணன் தோளு மேல சாஞ்சு, வாயத் தொறந்துக்கினு, கொரட்டை உட்டுக்கினு. பொம்பளைக்கு அவ்ளோ கொரட்டை நான் கேட்டதில்ல. வண்டி கெளம்பினா தூங்கற அண்ணன், அன்னிக்குத் தூங்கல. கண்ணு சொருவச் சொல்ல தன் காத தானே கிள்ளிக்கினாரு. நான் லாரிக்கு ஆரன் அடிக்கப் போனேன், பின்னாலருந்து முதுவுல ஒரு குத்து உழுந்துச்சு. அக்கா ஏதோ பேச வாயத் தொறந்துச்சு, அதுக்கும் ஒரு மொறைப்பு.

சித்தூரு வந்தா ரோட்டுல ரெண்டு பக்கமும் பழ வண்டிங்க, வண்டி நிறுத்த எடமில்ல. காட்டா மட்டும் அந்த நேரத்துக்குக் காலியா இருந்துச்சு. ஏத்தி நிறுத்திட்டேன். வெங்கட்டு ஜன்னல்லருந்து தலைய நீட்டி, மாமன் சொல்லிக் குடுத்த மாதிரியே கத்தினான்.

"காட்டா மேல யாரும் நிக்கக் கூடாது! எறங்கு, எறங்கு!"

நான் எறங்கினேன். கிருஷ்ணம்மாக்கா காலி கேரியரோட எறங்குச்சு. பின்னால ட்ராக்டருக்காரன் ஆரன் அடிச்சான். அண்ணன் கண்ணாடிய எறக்கி கைய வெளிய நீட்டினாரு.

"டேய் வெங்கட்டு, கத்தாத. உங்கக்கா தூங்குது."

"மாமா, பின்னால லோடு நிக்குது. நீங்கதான சொன்னீங்க, யாரா இருந்தாலும்..."

"அவ ஒருத்தி எறங்க வேணாம். எஞ்சினயெல்லாம் ஆஃப் பண்ணச் சொல்லு."

"பழம் அழுவிடும் அண்ணா"ன்னு ட்ராக்டருக்காரன் வந்து குனிஞ்சு உள்ள பாத்தான். அண்ணி வாயோரம் எச்சி வழிஞ்சுக்கினு இருந்துச்சு. அவன் திரும்பிப் போயி சாவிய எடுத்துட்டான். அதப் பாத்துட்டு அவனுக்குப் பின்னால இருந்தவனும் எடுத்தான். ஒண்ணொண்ணா சத்தம் அடங்கி, ரோட்டுல அண்ணி கொரட்டை மட்டும் கேட்டுச்சு.

திடீர்னு அதுவும் நின்னுச்சு. அண்ணன் பதறிப் போயி அண்ணி மூக்குகிட்ட வெரல வெச்சுப் பாத்தாரு. அண்ணி தலயத் திருப்பிச் சாஞ்சுக்கினு, நிம்மதியா ஒரு மூச்சு உட்டுச்சு. அண்ணன் அப்பவும் வெரல எடுக்கல.